எலுமிச்சம்பழம் வைக்காத வண்டி

பூஜை போடும்வரைக்கும் அது இரும்பு, போட்ட பிறகு அது வண்டி. ஒத்தப்பாறை ஊரில் இதைப் பற்றி யாருக்கும் இரண்டு எண்ணம் கிடையாது. புது மோட்டார் சைக்கிளானாலும் சரி, ஓட்டை லாரியானாலும் சரி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு அடி முன்னால் போன பிறகுதான் தான் ஒரு வண்டி என்பதே அதற்குத் தெரியவரும். ஆகவே பூக்காரச் சந்தில் நாகஜோதி செய்த காரியத்தை யாரும் தப்பென்று சொல்லவில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பொம்பளைக்கு, வீட்டில் எது வண்டி, எது வண்டி மாதிரி என்று பிரித்துப் பார்க்கவா பொழுது இருக்கும்?

அவளுடைய வீட்டுக்காரர் தவசி பொக்லைன் ஓட்டியவர். கல்யாணமான புதிதில் கிளம்பிப் போனவர், பாதி ஆயுசை வெளியூரிலேயே கழித்தார். பனிமலையில் ரோடு போட்டார், கடலோரத்தில் துறைமுகத்துக்குப் பள்ளம் தோண்டினார், பாலைவனத்தில் குழாய் பதிக்க மண் வெட்டினார், மலையைக் குடைந்து ரயிலுக்கு வழி விட்டார். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கோ பங்குனித் திருவிழாவுக்கோ வருவார், பத்துப் பதினைந்து நாள் தூங்குவார், கிளம்பிவிடுவார். கிளம்பும்போது நாகஜோதி கோயிலில் வைத்து எடுத்த ஒரு எலுமிச்சம்பழத்தையும், தான் கட்டிய மல்லிகைச் சரத்தில் ஒரு முழத்தையும் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுப்பாள். "என்ன வேலைங்க பாக்குறீக அங்க?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "மண்ணள்ளுற வேல" என்றார். மனுசன் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு வார்த்தையை நெம்புகோல் போட்டாலும் எடுக்க முடியாது.

நாகஜோதிக்கு இடக்கை வாட்டம். அந்தச் சந்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் நடக்கப் பழகுமுன் நாரைப் பிடிக்கப் பழகியவர்கள்தான் என்றாலும், அவள் கட்டும் சரத்தில் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் விழும். மார்க்கெட்டில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே "இது நாகஜோதி கட்டு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த விரல்கள் மல்லிகை மொட்டின் கழுத்தை நசுக்காமல் பிடித்து, நாரைச் சுற்றி, இழுத்து, அடுத்த மொட்டுக்குப் போய்விடும். பார்த்தால் பூதான் தானாக வந்து சேர்ந்துகொள்வதாகத் தோன்றும்.

தவசியின் கைகளோ வேறு மாதிரி ஆகிப்போயின. வருஷக்கணக்காக லீவரைப் பிடித்துப் பிடித்து, என்ஜினின் அதிர்வு எலும்புக்குள் ஏறி, விரல் நுனிகள் மரத்துவிட்டன. சுடுகிற டம்ளரைப் பிடித்தால்கூடத் தெரியாது. கம்பெனிக்காரர்கள் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஊருக்கு வந்தவர் ஒரு வாரம் சும்மா இருந்தார். அதற்குப்பின் ஒருநாள், பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பித்தளைப் பம்பைக் கழற்றிக்கொண்டு பின்கட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

அப்படி ஆரம்பித்ததுதான். பட்டறைகளில் தகட்டுத் துண்டு பொறுக்கினார், சைக்கிள் கம்பிகளை வெட்டினார், காயலான் கடையில் தராசுக்காரரோடு சேர்ந்து உட்கார்ந்து குழாய் தேடினார். தான் ஓட்டிய பொக்லைன்தான், பெரிய வண்டியில் பத்தில் ஒரு பங்கு; நீட்டிப் படுத்த ஆட்டுக்குட்டி அளவு. செயினுக்கு ஒவ்வொரு கண்ணியையும் இரும்புப் பட்டையில் வெட்டி, அரம் போட்டு, துளை இட்டார். வைஸ் இடுக்கியில் மாட்டி அழுத்தி ராவுகிற வேலைக்கு அவர் கை வளைந்து கொடுத்தது. ஆனால் கண்ணியோடு கண்ணியை இணைக்கிற இரும்பு முள்ளைக் கோக்கும்போது விரலுக்கு எதுவும் தெரியாமல் கீழே விழும். "ஏ புள்ள, இதைக் கொஞ்சம் கோத்துக் குடு" என்பார். நாகஜோதி பூவை மடியில் வைத்துவிட்டு, நார் கோக்கும் விரலால் முள்ளைக் கோத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பூவை எடுப்பாள். முதலில் முணுமுணுத்தாள். ஊர் உலகத்தில் ரிட்டையரான ஆம்பளைகள் கடை வைக்கிறார்கள், மாடு வாங்குகிறார்கள், இவர் பொம்மை செய்கிறார் என்று அய்யம்மா மதினியிடம் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. பக்கெட்டின் பற்களில் ஒன்றை மட்டும் அவர் மழுங்கலாக ராவியதைப் பார்த்து ஏன் என்று கேட்டாள். "பனிமலையில பாறையில பட்டு மழுங்குச்சு" என்றார். வண்டியின் இரும்புக் கையில் மேல்பக்கம் ஒரு நெளிசல் தட்டினார், "சுரங்கத்துல கல்லு விழுந்துச்சு." சீட்டின் ஓரம் ஒரு கருக்கல், "பாலைவனத்து வெயிலு." இருபது வருஷம் வாயைத் திறக்காத மனுசன் இரும்பில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. போட்ட ரோட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. தோண்டிய சுரங்கத்தை அலமாரியில் வைக்க முடியாது. ஒரு ஆயுசு உழைப்புக்கு அவரிடம் காட்ட இருப்பது இது ஒன்றுதான். அதுமுதல் அவள் முள் கோக்கும்போது மடிப்பூ வாடினாலும் பரவாயில்லை என்று நிதானமாகவே கோத்தாள்.

ஆயுத பூஜை அன்று அரிவாள்மனை, கத்தரிக்கோல், பூ அளக்கும் படி, கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், முன்னறையில் மஞ்சள் பெயிண்ட் காய்ந்து நின்ற வண்டிக்கும் வைத்தாள். அவ்வளவு லட்சணமான வண்டிக்கு வெறும் பொட்டு போதுமா? நாலு முழம் சரம் சுற்றினாள். செயினுக்கு அடியில் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு கையால் மெல்ல முன்னால் இழுத்தாள். பழம் நசுங்கியது. மனிதக் கையால் அந்த வண்டி நகர்ந்தது அதுவே கடைசி. மறுநொடி தரை ஓடுகள் படபடவென்று வெடித்தன, வண்டி ஒரு சாண் ஆழம் இறங்கி நின்றது, வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் ஒருமுறை குலுங்கி அடங்கின.

தவசி பின்கட்டிலிருந்து வந்து பார்த்தார்.

"எலுமிச்சம்பழம் வச்சியா?"

"வைக்காம? வண்டிக்கு வைக்காம வேற எதுக்கு வைப்பாக?"

அவர் குனிந்து, வண்டியைத் தள்ளிப் பார்த்தார். சுவரைத் தள்ளுவதும் அதுவும் ஒன்றுதான். பெரிய வண்டியின் எடை அத்தனையும் அந்த ஆட்டுக்குட்டிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. "அப்பச் சரி" என்று சொல்லி ஒரு பாட்டில் மூடியில் டீசல் ஊற்றி வந்து, டாங்கில் விட்டு, சாவியைத் திருப்பினார். ஊதுபத்திப் புகை அளவுக்குக் கரும்புகை விட்டுக்கொண்டு என்ஜின் உறுமியது. அந்த உறுமலில் தெருமுனைக் காசிமாயன் கடையில் டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ஊர் வந்து பார்த்தது. பளு தூக்கும் பையன்கள் வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆட்டோ சங்கத்துக்காரர்கள் வந்து, என்ஜின் இருக்கிற எதுவும் சங்கத்தில் சேர வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இருட்டுக்குப் பயப்படும் குழந்தைகளைக் கூட்டி வந்து அதன் பக்கெட்டைத் தொடவைத்தார்கள். அவை பயம் தெளிந்தனவோ இல்லையோ, விடாமல் வந்தன. அசையாத ஒரு பொருள் கண்ணில் பட்டால் அதில் கயிறு கட்டாமல் விடுகிற வழக்கம் ஒத்தப்பாறையில் இல்லை என்பதால், எதிர்வீட்டுக் கல்யாணப் பந்தலின் ஒரு கயிறு நாகஜோதி வீட்டு ஜன்னல் வழியாக வந்து வண்டியின் கொக்கியில் முடிந்தது. அன்று காற்றடித்துப் பக்கத்துத் தெருப் பந்தல்கள் எல்லாம் பறந்தபோது இந்தப் பந்தல் ஒரு ஓலைகூட அசையவில்லை. இரண்டே வாரத்தில், வீட்டுக்குள் ஒரு பொக்லைன் இருப்பது வீட்டுக்குள் ஒரு அம்மி இருப்பதைப்போல ஆகிப்போயிற்று. நாகஜோதி அதைச் சுற்றிக் கோலம் போட்டுவிட்டுப் பூக்கட்ட உட்கார்ந்தாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் நிற்காமல் கொட்டியது. பூக்காரச் சந்து கரட்டின் அடிவாரத்தில் முடிகிறது. அதற்குமேலே சம்மணப்பாறை. ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்த தோற்றம். அது உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை, எழுந்திருக்கும் என்று யாரும் நினைத்ததும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பாறைக்கு முன்னாலிருந்த மண் கரைந்து சரிந்து, பாறை சந்துப் பக்கமாக ஒரு முழம் குனிந்தது. நகராட்சி இஞ்சினியர் நிஷா பேகம் குடையை எறிந்துவிட்டு மேலே ஏறிப் பார்த்தார். இறங்கி வரும்போது அவர் முகமே சொல்லிவிட்டது.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்றது எனக்குப் பிடிச்ச வேலை இல்லம்மா. ஆனா எல்லாரும் இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. பாறைக்கு அடியில தோண்டி, கல்லு அடுக்கி முட்டுக் குடுத்தா நிக்கும். அதுக்குப் பொக்லைன் வேணும். உங்க சந்துல எருமை வந்தாலே மனுசன் படியில ஏறி நிக்கணும், பொக்லைன் எங்கிட்டு வரும்? வெடி வச்சா வீடும் சேர்ந்து போயிரும்."

சந்து முழுக்கப் பூக்கூடைகளோடும் பிள்ளைகளோடும் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தது. அங்கே உட்கார்ந்து பூக்கட்ட யாருக்கும் கை வரவில்லை. பாறை இறங்கினால் வீடு மட்டும் போகாது, சந்தே போகும். சந்து போனால் ஆளுக்கொரு திசையில் வாடகைக்குப் போவார்கள். பிறகு யார் யாரிடம் நார் கடன் கேட்பது? அய்யம்மா மதினிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஏத்தா நாகஜோதி, உங்க வீட்டுக்குள்ள ஒண்ணு நிக்கிதே, அது சந்துல போகாதா?"

நிஷா பேகம் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சுற்றி வந்து, குந்தி உட்கார்ந்து, மழுங்கிய பல்லைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணியாக விரலை ஓட்டினார். "எவ்வளவு அழகா இருக்கு" என்றார், பாறையை மறந்து. பிறகு, "இதோட வெயிட்டு?" என்று கேட்டார்.

"பெரிய வண்டி வெயிட்டுத்தான் மேடம்" என்றார் தவசி.

"அப்ப சேத்துல நடந்தா நேரா உள்ள இறங்கிரும். முழுப் பாதைக்கும் கீழ கல்லு வேணும்."

"கல்லு இருக்கு" என்றார்கள் வாசலில் நின்ற பெண்கள். சந்தில் ஒவ்வொரு வீட்டுக் குழாயடியிலும் ஒரு துவைகல் கிடந்தது. மாமியார் துவைத்து, மருமகள் துவைத்து, நடுவில் குழிந்து போன கருங்கற்கள். கடப்பாரை கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள்.

தவசி வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, தீக்குச்சி அளவுள்ள லீவரைப் பெருவிரலால் தொட்டார். தொட்டது எவ்வளவு என்று விரலுக்குத் தெரியவில்லை. வண்டியின் கை சுழன்று நிலைவாசலைப் பெயர்த்துக்கொண்டு போய் நின்றது. செங்கல் தூசி அடங்கியது. தவசி தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாரோ விட்டுப்போன சாமானைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் கண் கலங்கி நாகஜோதி பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் கொண்டையிலிருந்து இரண்டு ஊசியை உருவினாள். கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

"எந்திரிங்க. முன்னால போய் நில்லுங்க. நான் ஓட்டுறேன், நீங்க சொல்லுங்க."

"சத்தத்துல சொன்னாக் கேக்காது புள்ள."

"அங்கெல்லாம் எப்படிச் சொல்லுவாக?"

"கையிலதான்."

அப்படித்தான் தவசி, மழைத் தூறலில், வீட்டு வாசலில் நின்று மனைவிக்குத் தன் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். பெருவிரல் மேலே, தூக்கு. உள்ளங்கை கீழே அமுக்கினால், மெதுவாக. சுட்டுவிரல் வட்டம் போட்டால், திருப்பு. மூடிய கை, நில். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால், என்ஜினை அணை. "சிக்னல் குடுக்குறவன் சொன்னா, ஓட்டுறவன் யோசிக்கக் கூடாது. அவன் கண்ணுக்குத் தெரியிறது உனக்குத் தெரியாது" என்றார். அவர் ஒரேயடியாக அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

பெயர்ந்த நிலைவாசல் வழியாக வண்டி இறங்கியது. முதல் துவைகல்லில் ஏறியது, கல் முனகியது, தாங்கியது. பெண்கள் முன்னால் கல் போட்டார்கள், ஆண்கள் பின்னால் கல் எடுத்தார்கள், எடுத்ததைத் தலைக்குமேல் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி முன்னால் அனுப்பினார்கள். வண்டிக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டே நாகஜோதி ஊசி நுனியால் லீவர்களைத் தள்ளினாள், மொட்டின் கழுத்தைப் பிடிக்கிற பக்குவத்தில், அதற்குமேலும் இல்லை, அதற்குக் கீழும் இல்லை. அவளுக்கு முன்னால் புருஷன் பின்னோக்கி நடந்துகொண்டே உள்ளங்கையைக் கீழே அமுக்கினார்: மெதுவா, மெதுவா. சந்து முழுக்க அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே கல் சுமந்தது.

பாறையின் அடியில் நிஷா பேகம் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார். வண்டி தோண்டியது. உள்ளங்கை அளவு பக்கெட். ஆனால் ஒருமுறை கடித்தால் ஒரு வண்டி மண் பெயர்ந்து வந்தது. பள்ளம் வெட்டி முடிந்ததும், தவசி பெருவிரலை மெல்ல உயர்த்தினார். பக்கெட் மேலே போய்ப் பாறையின் அடிவயிற்றில் முட்டியது. தூக்கு. பாறையின் பாரம் இரும்புக் கை வழியாக, லீவர் வழியாக, கொண்டை ஊசி வழியாக நாகஜோதியின் விரலுக்குள் இறங்கியது. ஊசியை விடாமல் பிடித்தாள். இத்தனை வருஷமும் இந்த மனுசன் கையில் இருந்தது இதுதானா என்று நினைத்தாள். மண்ணள்ளுற வேல என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று அவர்மீது கோபமும் வந்தது, கோபத்தைவிட அதிகமாகப் பெருமை வந்தது.

மூடிய கை. நில்.

ஆண்கள் பள்ளத்துக்குள் இறங்கித் துவைகற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கினார்கள். அடுக்கி முடித்து ஏறி வந்தபின் நிஷா பேகம் உள்ளே இறங்கி ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"கல்லு பிடிச்சிருக்கு. ஆனா பக்கெட்டும் சேர்ந்துதான் தாங்குது. வண்டியப் பின்னால எடுத்தா பாறை இன்னும் கொஞ்சம் இறங்கும். இறங்கி நிக்கலாம். உருளவும் செய்யலாம். எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்."

எல்லாரும் தவசியைப் பார்த்தார்கள். அவர் வண்டியைப் பார்த்தார். நெளிசல், மழுங்கல், கருக்கல், ராவி ராவிச் செய்த ஒவ்வொரு கண்ணி. நாகஜோதி ஊசியைப் பின்னோக்கும் லீவரின்மேல் தயாராக வைத்திருந்தாள். அவர் ஒருமுறை தலையசைத்தால் போதும், எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது. உருளாமலும் போகலாமே.

தவசி கையை உயர்த்தி, கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார்.

அவள் அசையவில்லை. யோசிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்தான், ஆனாலும் யோசித்தாள். அவர் மறுபடி இழுத்தார், இந்தமுறை மெதுவாக, அவள் கண்ணைப் பார்த்து. அவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் அணைந்தது. கரட்டில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பாறை அசையவில்லை.

சாவியை எடுக்கக் குனிந்தபோதுதான் அவள் கேபினுக்குள் பார்த்தாள். அதுவரை லீவரைத் தவிர வேறெங்கும் அவள் கண் போகவில்லை. கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னக் கொக்கியில் செம்புக் கம்பியில் கட்டிய ஒரு பூச்சரம் தொங்கியது. கடுகைவிடச் சிறிய மொட்டுகள். மரத்துப்போன விரலால் எத்தனை முறை கட்டி எத்தனை முறை அவிழ்ந்து போயிருக்குமோ. அவள் ஊசி நுனியால் அதைத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது.

"இது எதுக்குங்க?" என்றாள்.

"வண்டியில இருந்துச்சு. அதான் வச்சேன்."

"எந்த வண்டியில?"

அவர் மழைநீரை முகத்திலிருந்து வழித்தார். "எல்லா வண்டியிலயுந்தான்" என்றார்.

பூக்காரச் சந்து வீடு திரும்பியது. துவைகல் போன வீடுகளில் இன்றும் வாளியில்தான் துணி அலசுகிறார்கள். தவசி பூ மார்க்கெட்டுக்குக் கூடை சுமக்கப் போகிறார். கூட்டத்துக்கு நடுவில் தூரத்திலிருந்து அவர் பெருவிரலைத் தூக்கினாலோ உள்ளங்கையை அமுக்கினாலோ, நாகஜோதிக்கு விலை என்னவென்று விளங்கிவிடும். சம்மணப்பாறைக்கு அடியில் மஞ்சள் வண்டி, கையை உயர்த்தியபடி நிற்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தே திரண்டு மேலே ஏறிப்போய் அதற்குச் சந்தனம் பூசுகிறது, குங்குமம் வைக்கிறது, நாகஜோதி இடக்கைக் கட்டில் நாலு முழம் சரம் சுற்றிவிடுகிறாள். எலுமிச்சம்பழம் மட்டும் யாரும் வைப்பதில்லை.